முதலில் பட்டைத்தான் துடைத்தேன்

எங்கள் வீட்டில் தறி மேல் அழக்கூடாது. கண்ணீர் பட்டால் பட்டில் திட்டு விழும், போகாது. அழணும்னா எழுந்து போய் அழணும். நான் அப்படித்தான் வளர்ந்தேன்.

என் மனைவி முப்பது வருஷம் எனக்கு வலது பக்கம் உட்கார்ந்து நெய்தாள். புடவை உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். ரெண்டையும் இழைக்கு இழை கோர்க்க ரெண்டு பேர் வேணும். உடம்புக்கு, ஊடை நூல் வைத்த நாடாக் கட்டையைத் தள்ளுவது நான். கரைக்குத் தள்ளுவது அவள். ஒரு கை நின்றால் மறு கையும் நிற்கும்.

போன வருஷம் ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் புடவை. பாதியில் தோள் வலிக்குதுன்னாள். தைலம் தேய்ச்சிக்கோன்னேன். தேய்ச்சிக்கினாள். நாலாம் நாள் நாடா தள்ளும்போதே அழுதாள். சத்தம் இல்லை. பட்டு மேல் ஒரு சொட்டு விழுந்தது.

"மூஞ்சிய அந்தாண்ட திருப்பு. கறை புடிச்சிட்டா யார் பதில் சொல்றது?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒற்றினேன். பட்டைத்தான். அவள் முகத்தை இல்லை.

அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். கை மட்டும் தறியில் இருந்தது. ஒரு இழை தப்பவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது. பொம்பளை அழுவாள், அழுது முடிப்பாள் என்று நினைத்தேன். புடவை சொன்ன நாளுக்குப் போச்சு.

அடுத்த வாரம் அவளால் கையைத் தூக்க முடியவில்லை. தோளுக்குள்ளே தசைநார் கிழிஞ்சிருக்குது, ரொம்ப இழுத்துட்டீங்க, இனிமே தலைக்கு மேல் தூக்க வருமான்னு சொல்ல முடியாது என்றார் டாக்டர். "அழற அளவுக்கு வலிச்சிருக்கும். அப்பவே ஏன் கூட்டி வரல?" என்று என்னைக் கேட்டார்.

"வேலை இருந்திச்சு சார்." பதில் சொன்னது அவள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

எங்கள் மகள் வெளியூரில் இங்கிலீஷ் எம்.ஏ. படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டே பாடம் சொன்னாள்.

"இங்கிலீஷ்ல 'க்ரை'ன்னு ஒரு சொல்லு இருக்குதும்மா. அழறதுன்னு அர்த்தம்."

"தோ பார்றா, அழுவுறதுக்குக் கூட காலேஜ்ல பாடமா? நானே நடத்துவேனே."

"கேளும்மா. முதல்ல அதுக்குக் கண்ணீரே கிடையாது. கத்திக் கூப்பிடறதுதான். ரோமாபுரியில ஒருத்தனுக்கு ஆபத்துன்னா, ஊர் ஜனங்களே, ஓடி வாங்கன்னு கூப்பிடுவானாம். அந்தச் சொல்லு பிரெஞ்சுக்குப் போயி, அங்கேர்ந்து இங்கிலீஷுக்கு வந்துதாம். கண்ணீர் விடறதுன்ற அர்த்தம் ரொம்ப நாள் கழிச்சுதான் சேர்ந்துதாம்."

"நெசமாவா?"

"ஒரு கதை அப்படி. இல்ல, பன்னி கத்தறதுலேர்ந்துதான் வந்துதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க."

"உங்கப்பா அந்தக் கட்சி," என்றாள் என் மனைவி.

ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் குனிந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தேன். நான் எட்டாவது வரைக்கும்தான். ரோமாபுரி எங்கே இருக்குதுன்னு தெரியாது. ஆனா அங்கே கூப்பிட்டவனுக்கு ஊரே கூட்டமாய் இருந்திருக்குது. இவளுக்கு ஒரே ஆள்தான், ஒரு முழத் தூரத்தில். அந்த ஆளும் துண்டை எடுத்துப் பட்டைத் துடைச்சான்.

இதை அவளிடம் சொல்லணும்னு நினைத்தேன். வாய் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

கோர்வைப் புடவையை விட்டுவிட்டேன். கரையும் உடம்பும் ஒரே நிறமாய், ஒத்தை ஆளாய் நெய்கிறேன். காலையில் அவள் சுவரில் விரலை வைத்து மேலே மேலே ஏற்றணும். டாக்டர் சொன்ன பயிற்சி. நேற்று ஏறின உயரத்துக்குப் பென்சிலில் கோடு போட்டிருக்குது. கோடு கிட்ட வந்தால் வலிக்கும், அழுவாள். இப்பவும் சத்தம் இல்லை.

நான் நாடாவைப் போட்டுவிட்டு எழுந்து போய் முழங்கையைத் தாங்குகிறேன். நெசவு பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் புடவையில் ஒரு கோடு விழும். தெரிந்தவன் கண்ணுக்குத் தப்பாது.

போன வாரம் புடவையைக் கொடுக்கப் போனேன். பட்டு கொடுத்து நெய்யச் சொல்கிற மேஸ்திரி விரித்துப் பார்த்து, "இன்னாபா இது, உன் கையில கோடே விழாதே? தறி சரியில்லியா?" என்றார்.

"தறி சரியாத்தான் இருக்குது," என்றேன். "வீட்ல கூப்பிட்டாங்க. எழுந்து போனேன்."