தோற்பதற்கு ஒரு பெயர்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிகளை எடை போடும் மேடையில் சீட்டு எழுதுவது என் வேலை. பதினோரு வருடமாக அதே ஜன்னல், அதே நாற்காலி. லாரி ஏறி நிற்கும், எடை விழும், நான் சீட்டைக் கிழித்து நீட்டுவேன். கம்பிக் கட்டுகளைப் பார்த்துப் பார்த்து, எது எட்டு எம்எம் கனம், எது பன்னிரண்டு, எது பதினாறு என்று தொடாமலேயே சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. அதை ஒரு திறமையாக நான் நினைத்ததே இல்லை.

கணவர் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். திருவொற்றியூர் வீட்டில் நானும் அப்போது ஆறாம் வகுப்புப் படித்த மகளும்தான். அந்தத் தனிமை எனக்குப் பெரிதாக உறைக்காமல் இருந்ததற்குக் காரணம், இரண்டு வீடு தள்ளியிருந்த அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவள், அதனால் அக்கா. அவள் கணவர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அக்கா மீன் மார்க்கெட்டில் விற்பாள். அவள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை நடப்போம். என் ஒரு நாளின் பேச்சு முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருந்தது என்று பிறகுதான் புரிந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

"நீ படிச்சவ. வந்து குந்து. நான் மட்டும் போயி இன்னா பேசறது? எனுக்கு ஒரு துணை வேணும்மே."

மாதம் ஒரு கூட்டம். சத்துணவு, கழிப்பறைத் தண்ணீர், காம்பவுண்ட் சுவர். வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்துக்குக் கீழே அவள் கையெழுத்து. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், ஒவ்வொரு எழுத்தையும் வரைந்து வரைந்து போடுவாள். கடைசி எழுத்தின் வால் மட்டும் கோட்டைத் தாண்டி அடுத்த வரிக்குள் இறங்கிவிடும். அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிய வகுப்பறைகள் கட்டத் தொடங்கினார்கள். ஒரு மாலை மகளை அழைத்து வரப் போனபோது, பில்லர்களுக்குக் கம்பி கட்டி நிறுத்தியிருந்ததைப் பார்த்தேன். பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பன்னிரண்டு எம்எம். தகரக் கொட்டகைச் சுவரில் வரைபடம் ஒட்டியிருந்தது. அதில் பதினாறு என்று போட்டிருந்தது. கம்பியைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளும் இருக்க வேண்டியதைவிட மிகவும் தள்ளித் தள்ளி இருந்தன.

தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். "அதெல்லாம் இன்ஜினியர் பாத்துப்பாரும்மா" என்றார். இன்ஜினியர் வந்த நாளில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போய் நின்றேன்.

"நீங்க யாரு?"

"கமிட்டி மெம்பர் சார்."

"கமிட்டின்னா சத்துணவப் பாருங்க. சைட்டுக்குள்ள எல்லாம் வரக்கூடாது."

அன்றைக்குத் திரும்பி நடக்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. இப்படிக் கட்டுகிறவருக்கு இந்த வேலையைக் கொடுத்தது யார்? எப்படிக் கொடுத்தார்கள்? போர்டில் ஒரு கம்பெனிப் பெயர் இருந்தது. யாருக்கும் அது யாருடையது என்று தெரியவில்லை. சைட்டில் ஒரு சூப்பர்வைசர் மட்டும் வந்து போனார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். முதலில் கோப்பு கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தேன். அதற்குள் கீழ்த்தளப் பில்லர்களுக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். கம்பி உள்ளே மறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை போனில் கணவர், "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? பொண்ண வேற ஸ்கூல்ல சேத்துடு" என்றார். "மத்தப் பிள்ளைங்க..." என்று ஆரம்பித்தேன். அவருக்கு ஷிப்ட் தொடங்கிவிட்டது.

ஒருவழியாகக் கோப்பை நேரில் பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. கட்டடப் பிரிவு அலுவலகத்தில் ஒரு கிளார்க் கோப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அக்காவையும் கூப்பிட்டிருந்தேன். மார்க்கெட்டை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டாள்.

மூன்று கம்பெனிகள் டெண்டர் போட்டிருந்தன. குறைவாகக் கேட்டவருக்கு வேலை. மேலே பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் மூன்றிலும் "திருவெற்றியூர்" என்று ஒரே பிழை. மூன்றும் ஒரே இடத்தில் ஒருவர் அடித்த காகிதங்கள். சரி, பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். அடுத்த தாளைத் திருப்பினேன்.

தோற்ற கம்பெனி ஒன்றின் உரிமையாளர் முகவரியாக எங்கள் தெரு இருந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிய கதவு எண். கீழே கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தது.

ஜெயித்தவரின் பெயரையும் அப்பன் பெயரையும் பார்த்தேன். அக்காவின் தம்பி. எண்ணூர்ப் பக்கம் ஏதோ கட்டட வேலை எடுத்துச் செய்கிறான் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"இன்னாம்மா, தண்ணி வேணுமா?" என்றார் கிளார்க். என் முகம் எப்படி இருந்ததோ.

வேறு யாராவது அவள் பெயரை எடுத்திருக்கலாம், அவளுக்கே தெரியாமல் இருக்கலாம் என்று ஒரு ஆசை. அதனால் மூன்றாவது முகவரியைத் தேடி மறுநாள் தண்டையார்பேட்டைக்குப் போனேன். அது ஒரு லேத் பட்டறை. நரைத்த தாடியோடு ஒருவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"லைசென்ஸு என் பேர்ல கீதும்மா. டெண்டருக்கு ஒரு காயிதம் வேணும்னு ஒரு புள்ள கேட்டுச்சு, குடுத்தேன். நான் எங்க ஸ்கூலு கட்டப் போறேன்?" என்றார். மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா அன்று மாலை கடலோரக் கற்களுக்கு இந்தப் பக்கம் வலையை விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தாள். நான் போய் அருகில் உட்கார்ந்தேன்.

"யக்கா, ஃபைல பாத்தேன். உன் பேரு இருக்கு அதுல."

அவள் மீனைத் திருப்புவதை நிறுத்தவில்லை. "எதுல?"

"ஸ்கூலு டெண்டர்ல. உன் கையெழுத்து."

ஒரு கை மீனைப் புரட்டிப் போட்டுவிட்டுச் சொன்னாள். "தம்பி ஒரு கட்டு காயிதம் எட்தாந்தான். எல்லாத்துலயும் போட்டேன். எந்த ஸ்கூலுன்னு நான் கேக்கல. மூணு பேர் போட்டாத்தான் செல்லுமாம். தோக்கறதுக்கு ஒரு பேரு வேணும்க்கான்னான். தோக்கறதுக்குத்தானமே குடுத்தேன்? ஜெயிக்கவா குடுத்தேன்?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. வெல்வதற்குப் பெயர் தராதவளிடம் என்ன குற்றத்தைச் சொல்வது?

"அந்தக் கம்பி பத்தாதுக்கா. மேல ஒரு மாடி வரப்போவுது. உன் பொண்ணும் என் பொண்ணும் அந்த ரூம்லதான் குந்தப்போறாங்க. பில்லருக்கு மேல நீட்டிட்டு இருக்கற கம்பிய வந்து பாரு, நான் காட்டறேன்."

"என் தம்பி அப்டி செய்ய மாட்டான்."

"வந்து பாரேன்."

"வரல." முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "புகார் எழுதறதுன்னா எழுதிக்கோ. என் பேர மட்டும் எடுத்துட்டு எழுதேன்."

நான்கு நாள் யோசித்தேன். அவள் பெயரை எடுத்துவிட்டால் டெண்டர் மோசடிக்குக் காகிதத்தில் மிஞ்சுவது ஒரு எழுத்துப்பிழை மட்டும்தான். அக்காவும் தம்பியும் போட்டி போட்டது போலக் காகிதம் இருப்பதுதான் மறுக்க முடியாத சாட்சி. கேட்டு முடிவு செய்ய ஆள் இல்லை. எப்போதும் நான் கேட்கும் ஆளே அவள்தான். ஐந்தாம் நாள் அவள் வாசலில் போய் நின்று, "நாளைக்குப் புகாரக் குடுக்கப்போறேன்கா. உன் பேரோடதான். பின்னால இருந்து செஞ்சேன்னு இருக்கக் கூடாது" என்றேன். அவள் கதவை அறையவில்லை, திட்டவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் புகாரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் மகள் முன்கூட்டியே பள்ளிக்குப் போய்விட்டாள். தெருவில் தண்ணீர் லாரி வரும்போது தெருக்காரர்கள் எனக்கு முன்னும் பின்னும் ஒரு குடம் அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. பேசவே இல்லை. குழுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியை என்னைத் தவிர எல்லோருடைய முகத்தையும் பார்த்துப் பேசினார். எடைமேடையில் முதலாளிகூட, "யாரோ போன் பண்ணிக் கேட்டாங்கம்மா, உன்னப் பத்தி. ஜாக்கிரதையா இரு" என்றார்.

தரம் பார்க்கும் பிரிவிலிருந்து வேறு இன்ஜினியர்கள் வந்தார்கள். கருவியைப் பில்லரில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டை உடைத்தே பார்த்தார்கள். நான் காம்பவுண்டுக்கு வெளியே நின்றேன். கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தபோது சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். அழுகை வந்தது. கைகாட்டிச் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை.

பிறகு விசாரணை. பாரிமுனைக்குப் பக்கத்தில் ஒரு அலுவலகத்துக்கு என்னையும் அக்காவையும் ஒரே நாளில் கூப்பிட்டிருந்தார்கள். நடைக்கூடத்தில் ஒரே ஒரு நீள பெஞ்சு. ஒரு ஓரத்தில் அவள், மறு ஓரத்தில் நான். மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவள் நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். தம்பி வரவில்லை, வக்கீலை அனுப்பியிருந்தான். அந்த வக்கீல் குனிந்து அக்காவிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

கையெழுத்து தன்னுடையதே இல்லை என்று சொல்லச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அப்படிச் சொன்னால் நான் பொய்க்காரியாகிவிடுவேன்.

கதவு பாதி திறந்திருந்ததால் அவள் பேசியது எனக்குக் கேட்டது.

"கையெழுத்து என்னுதுதான் சார். தம்பி கேட்டான், போட்டேன். எனுக்குக் கட்டட வேலை இன்னா தெரியும்? நான் மீனு விக்கறவ."

வெளியே வந்ததும் வக்கீல் அவளை விட்டுவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போனார். நான் எழுந்தேன். "யக்கா."

"உனுக்காகச் சொல்லல" என்றாள். "பொண்ணு அங்கதான படிக்குது."

இருவரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். இடம் நிறைய இருந்தது. அவள் முன்னால் உட்கார்ந்தாள். ராயபுரம் தாண்டும் வரை அவள் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஒப்பந்தம் ரத்தானது. பில்லர்களை இடித்துவிட்டு வேறு ஒப்பந்ததாரர் கட்டி முடித்தார். இந்த முறை கம்பி இறங்கிய நாளில் புதிய இன்ஜினியரே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பதினாறுதான். திறப்பு விழாவில் குழு உறுப்பினர்கள் எல்லோரும் மேடையில் இருந்தார்கள். நான் பெற்றோர் வரிசையில் இருந்தேன், யாரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. அக்காவின் தம்பி அவளோடு உறவை முறித்துக்கொண்டான். அம்மா வீட்டு நல்லது கெட்டதுக்கும் அவளுக்கு அழைப்பு இல்லை என்று மீன் மார்க்கெட்டில் கேள்விப்பட்டேன். அந்த வருடமே அவர்கள் மணலி புதுநகரில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். சாமான் ஏற்றிய அன்று நான் வேலையில் இருந்தேன். சாயங்காலம் வந்தபோது கதவில் பூட்டு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மகள் தூங்கிக்கொண்டிருந்த நேரம், அக்காவின் நம்பருக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"இன்னா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. "சும்மாதான்கா."

அவள் பக்கம் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"பொண்ணு நல்லா படிக்குதா?" என்றாள்.

"படிக்கறா."

"சரி, வை."

வைத்துவிட்டேன்.