நேத்திரப்பூண்டு எண்ணெயும் என் வலது கண்ணும்

நான் வெல்டர். அம்பத்தூரில் ஒரு ஷெட்டில் கேட், கிரில் அடிக்கிறோம். முகத்துக்குப் பிடிக்கக் கறுப்புக் கண்ணாடி உண்டு. ஆனால் கம்பி நகராமலிருக்கச் சின்னதாக ஒரு டேக், ஒரு பொட்டு வெல்டிங், வைக்க எவன் அதைத் தேடுவான்? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு தட்டு தட்டுவோம். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உள்ள திமிர் அது. வீட்டுக்குப் போனபிறகு திமிரெல்லாம் இறங்கும். கண்ணுக்குள் மணலை வாரிப் போட்டதுபோல் உறுத்தும். விளக்கைப் பார்க்க முடியாது.

அதற்கு என் மனைவியிடம் மருந்து இருந்தது. திருநின்றவூர் ஏரிப் பக்கம் தானாக முளைக்கும் நேத்திரப்பூண்டு. கணுவுக்கு நான்கு இலை, தொட்டால் சொரசொரக்கும். பறித்து நல்லெண்ணெயில் ஊறப்போட்டு, மாடி வெயிலில் வைத்து, வடிகட்டிச் சின்ன பாட்டிலில் ஊற்றி வைப்பாள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தால் தலையை மடியில் இழுத்துப் போட்டு, "அசையாத கெடய்யா" என்று அதட்டியபடி சொட்டு விடுவாள். விடிந்தால் வலி இருக்காது. ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஷெட்டில் பாதிப் பேருக்கு அவள்தான் கண் டாக்டர். "எனக்கும் ஒரு பாட்டில் எத்துகினு வா மாமே" என்பார்கள். அவளுக்குப் பெருமை தாங்காது. எனக்கும்தான்.

போன கோடையில் கிரைண்டிங் பிடித்துக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் ஏதோ பட்டது. கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். அன்று டேக்கும் வைத்திருந்ததால் வழக்கமான வலி என்றே நினைத்தோம். எண்ணெய் விட்டாள். விடிந்தது, வலி போகவில்லை. மறுபடி விட்டாள். அடுத்த விடியலில் கண் இட்லி மாதிரி வீங்கி, கருவிழியில் வெள்ளை தெரிந்தது.

"எண்ணெ பழசு, அதான் கேக்கல. புதுசா எல பறிச்சுகினு வர்றேன்" என்று ஓடினாள். ஏரிப் பக்கம் செடி இருந்த இடத்தையெல்லாம் ஜேசிபி வழித்துவிட்டு பிளாட் கல் நட்டிருந்தார்கள். பாரிவாக்கத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் பின்னால் இருக்குமென்று பஸ் ஏறினாள். சாயங்காலம் முந்தானையில் ஒரு பிடி இலையோடு வந்தாள், கால் முழுக்க முள் கீறல். வெயிலில் வைக்க ஏது நேரம்? அப்படியே கசக்கிக் கண்ணில் பிழிந்தாள். நான் கத்திய கத்தலைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆட்டோ பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்.

அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள். கண்ணிலிருந்து இரும்புத் துகளை எடுத்தார் டாக்டர். துருப்பிடித்துச் சீழ் வைத்திருந்தது. இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் விடிவதற்குள் சரியானதையும் சொன்னேன்.

"வெல்டிங் வெளிச்சம் பட்ட வலி தானாவே போயிடும்ங்க. எதுவும் விடலைன்னாலும் போயிருக்கும். இது இரும்பு. இந்தக் கண்ல இனி பார்வை வராது."

பார்வைக்காக அழுதேன். அவர் முதலில் சொன்னதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "இன்னா சொன்னாரு?"

"லேட்டுன்னாரு."

"எல தேடிப் போனதுலதான் லேட்டா பூடுச்சு. ஏரிலயே கெடச்சிருந்தா கண்ணு தப்பிச்சிருக்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கால் கீறல்களில் ரத்தம் காய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எந்த வாயால் உண்மையைச் சொல்வேன்?

இப்போது ஷெட்டில் எனக்கு வெல்டிங் தருவதில்லை. இடது கண்ணை வைத்துக்கொண்டு பைப் அறுக்கிறேன். அவள் மட்டும் விடுவதாக இல்லை. பாரிவாக்கத்துச் செடியை வேரோடு கொண்டுவந்து பெயிண்ட் டப்பாவில் வளர்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையை மடியில் வாங்கி, வலது கண்ணில் சொட்டு விட்டுவிட்டு, "எதுனா தெரியுதா?" என்பாள். "லேசா வெளிச்சம் கீது" என்று பொய் சொல்வேன். அந்தக் கண்ணில் கெடுவதற்கு இனி ஒன்றும் இல்லை.

போன ஞாயிறு இடது இமையைத் தூக்கினாள். "இதுலயும் ரெண்டு சொட்டு வுடறேன். இதுக்காச்சும் ஒண்ணும் ஆவக்கூடாது."

என் கை தானாக எழுந்து கண்ணைப் பொத்திக்கொண்டது. சொட்டு புறங்கையில் விழுந்தது. அவள் முகம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. பாட்டில் மூடியைத் திருகும் சத்தம் மட்டும் கேட்டது.