கன்னத்தில் காய்ப்பு

எங்கள் தெருவில் எனக்கு அரை டாக்டர் என்று பேர். இராயபுரத்தில், கூட்ஸ் வண்டித் தண்டவாளத்துக்குப் பின்னால் இருந்த அந்த வரிசை வீடுகளில் துறைமுகத்து மூட்டை தூக்கிகளும் ரயில்வே கலாசிகளும் குடியிருந்தார்கள். எல்லாரும் கரி படிந்த உடம்போடு வீடு திரும்பும்போது நான் மட்டும் விரல் நுனியில் நீலமும் சிவப்புமாகச் சாயக் கறையோடு வருவேன். மருத்துவப் பள்ளியில் அட்டெண்டர் வேலை. மனித உடம்பின் சிறு துண்டுகளை மெழுகில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மாணவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காகக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். அந்தச் சில்லுக்கு ஸ்லைடு என்று பெயர்.

பக்கத்து வீட்டுக் கலாசிக்கு என்னைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. "ஆயிரம் பேரக் கொன்னவன் அர வைத்தியன்னு சொல்லுவாங்கோ. நீ எத்தினி பேர முடிச்சிக்கீறே மாமு?" என்பான். "நான் இன்னும் போணியே பண்ணலப்பா" என்பேன். தெருவே சிரிக்கும். நானும்தான் சிரித்தேன்.

படிப்பு எனக்கு அதிகம் கிடையாது. ஆனால் ஒரே ஆசிரியர் ஒரே பாடத்தை வருஷா வருஷம் அதே வரிசையில் நடத்த, பின்சுவரில் சாய்ந்தபடி பத்து வருஷம் கேட்டால் கழுதைக்கும் மனப்பாடம் ஆகிவிடும். ஜூலையில் முதல் பாடம் எபிதீலியம். உடம்பின் வெளிப்புறத்தையும் உள்ளே இருக்கும் குழாய், பை எல்லாவற்றின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் மேல்தோல். அதற்கென்று இரத்தக் குழாய் இல்லை. அடியில் இருக்கும் சதையிலிருந்து ஊறி வருவதைக் குடித்துப் பிழைக்கிறது. அதற்கும் அடிச்சதைக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு, அடிச்சவ்வு. ஆசிரியர் கரும்பலகையில் முதலில் அந்தக் கோட்டைத்தான் போடுவார். பிறகுதான் அதன் மேல் செல்களை நிறுத்துவார்.

வகைகளுக்கு நான் எனக்கென்று பேர் வைத்திருந்தேன். நுரையீரலின் காற்றறையில் ஒரே வரிசையாகத் தட்டையாகக் கிடப்பது ஓடு. காற்று ஊடுருவ வேண்டும், அதனால் அவ்வளவு மெல்லிசு. சிறுநீரகக் குழாயில் நாற்சதுரமாக நிற்பது செங்கல். குடலில் நெட்டையாக நிற்பது தூண். சத்தை உறிஞ்சுவது அதன் வேலை, நடுநடுவே சளி நிரம்பிய கிண்ணங்களும் இருக்கும். மூச்சுக்குழாயில் அதே தூணின் தலையில் மயிர் முளைத்திருக்கும். துறைமுகத்துக் கரித்தூள் உள்ளே போனால் அந்த மயிர்கள்தான் மேலே தள்ளிவிடும். மூத்திரப்பையில் இருப்பது ரப்பர். பை நிரம்பினால் விரிந்து கொடுக்கும். உராய்வும் தேய்மானமும் உள்ள இடத்திலெல்லாம் அடுக்கு. அடியில் புதிது பிறந்து, பழையது மேலே போய் உதிர்ந்துவிடும். அந்த அடுக்கிலும் இரண்டு ஜாதி. உள்ளங்காலில் மேலே செத்த தோல் தடித்து உலர்ந்த அடுக்கு. வாய்க்குள் ஈரமான அடுக்கு; அதற்கு மேலே செத்த தோல் படியாது.

சுரப்பிகளையும் அந்த வாரத்திலேயே முடித்துவிடுவார். மேல்தோல் சில இடங்களில் கீழே குழிந்து இறங்குகிறது. இறங்கிய வழி திறந்திருந்தால் அது வாசல் உள்ள சுரப்பி. எச்சில், வியர்வை எல்லாம் அப்படி வெளியே வருகிறவை. வாசல் அடைபட்டுப் போனால், அது சுரப்பதை நேராக இரத்தத்தில் விட்டுவிடும். "மேல்தோல் கீழே இறங்குவது தப்பில்லை. ஆனால் எவ்வளவு ஆழம் போனாலும் அந்தக் கோட்டையும் கூடவே கொண்டு போகும்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் குழியைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுப்பார். பத்து வருஷமும் பார்த்தேன்.

என் மனைவிக்கும் தோலில்தான் பிழைப்பு. தண்டையார்பேட்டைக்கு வடக்கே ஒரு தோல் பதனிடும் கொட்டகை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஆட்டுத் தோலிலிருந்து சுரண்டிய மயிரை அலசி உலர்த்துவது அவள் வேலை. என் வேலையை அவளுக்கு விளக்கிச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மேல்தோல எங்க கொட்டாயில கலீஜுன்னு சுரண்டிப் போட்டுட்டு அடித்தோல வெச்சிக்கிறோம். நீங்கோ அந்தக் கலீஜ எடுத்து வெச்சிக்கினு பாடம் படிக்கிறீங்கோ. ரெண்டுல எது பைத்தியம்யா?" என்றாள்.

அந்தக் கொட்டகையின் நாற்றம் தெருமுனைக்கே வரும். உள்ளே நிற்கிற பெண்கள் எல்லாரும் புகையிலை அடக்கிக்கொள்வார்கள். விரலால் கொஞ்சம் சுண்ணாம்பு தடவி, உருட்டி, கன்னத்தின் உட்பக்கம் ஒதுக்கிவிட்டால் நாற்றம் மூக்கில் ஏறாது, பசியும் தெரியாது. இவளுக்கு இடது கன்னம். காலையில் வேலைக்குப் போகும்போது அடக்கினால் மாலைவரை அங்கேயே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது மட்டும் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டுப் போவாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வாசலில் வெளிச்சத்தைப் பார்த்து நின்றாள். "யோவ், இங்க வந்து பாரு. கன்னத்துல இன்னாமோ வெள்ளையா கீது" என்றாள்.

வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுப் பார்த்தேன். ஓரணா அளவுக்கு ஒரு வெள்ளைத் தடம். தொட்டால் சொரசொரத்தது. சுற்றியிருந்த கன்னம் வழவழவென்று சிவப்பாகத்தான் இருந்தது.

"எரியுதா?"

"மின்னே சுண்ணாம்பு பட்டா எரியும். இப்போ ஒண்ணுமே தெரில. காய்ச்சிப் போச்சு போல."

காய்ப்பு என்பது எங்கள் பக்கத்தில் நல்ல சொல். மூட்டை தூக்குகிறவன் கையில் முதல் மாதம் கொப்புளம் வரும். அப்புறம் காய்ப்பு ஏறும். ஏறிவிட்டால் வலிக்காது. வேலைக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பான். காய்ப்பு இல்லாதவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அப்படிப்பட்ட தெருவில் பிறந்தவள் அவள். வலி நின்றது நல்லதற்கே என்று நினைத்தாள். அதை நான் எப்படிக் குறை சொல்வேன்? நான் சொன்னதைத்தான் குறை சொல்ல வேண்டும்.

அடுக்கு மேல்தோல் பாடம் அந்த வாரம்தான் நடந்திருந்தது. நாக்கு நுனியில் நின்றது. "உராயுற எடத்துல தோலு அடுக்கடுக்கா ஏறும்மே. உடம்பக் காப்பாத்துறதுக்குத்தான் ஏறுது. அதான் அதோட வேல. காய்ப்புதான், பயப்படாத" என்றேன். பக்கத்து வீட்டுக் கலாசியின் காதில் விழும்படியே சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. உள்ளே போய்ப் புகையிலையை எடுத்து அதே இடத்தில் ஒதுக்கிக்கொண்டாள். கன்னம் காய்த்துவிட்டது, இனி என்ன?

வாய்க்குள் ஈர அடுக்கு என்று எனக்குத் தெரியும். உள்ளங்கால் ஜாதி அங்கே வரக்கூடாது என்றும் தெரியும். ஒரு வகை தன் இடத்தை விட்டு வேறு இடத்தில் தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள் என்று ஆசிரியர் ஒவ்வொரு வருஷமும் சொன்னார். நான் ஒருநாளும் கேட்கவில்லை. தொட்டுப் பார்த்த விரலுக்குத் தெரிந்ததைக்கூட வாய் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பாழாய்ப்போன பெருமைதான் காரணம். இன்றைக்கும் அந்த விரலைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது.

ஒன்றரை வருஷம் போயிற்று. வெள்ளையின் நடுவில் ஒரு புண் வந்தது. காரம் கூடாதென்றாள்; குழம்பில் மிளகாயைக் குறைத்தாள். புகையிலையை வலது பக்கம் மாற்றினாள். நான் பள்ளியிலிருந்து மஞ்சள் மருந்து கொண்டுவந்து தடவினேன். பிறகு தாடைக்குக் கீழே கல்லுப்போல ஒன்று தட்டுப்பட்டது. நெறி கட்டியிருக்கிறது, பல் சூடு என்று தெருவில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, நன்மை வாங்க மண்டியிட்டவளுக்கு வாய் ஒரு விரல் அகலத்துக்குமேல் திறக்கவில்லை. சாமியார் அப்பத்தைக் கிள்ளிச் சிறு துணுக்காக்கி உள்ளே வைத்தார். வெளியே வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சர்ஜன் விளக்கைப் பிடித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், என்னை வெளியே அழைத்தார். "மைக்ராஸ்கோப் ரூமில் வேலை செய்கிற ஆள் நீ. ஏன் இவ்வளவு நாள் விட்டாய்? வெறும் வெள்ளையாக இருந்தபோது வந்திருந்தால் சுற்றிலும் வெட்டி எடுத்திருக்கலாம். ரேடியமாவது வைத்திருக்கலாம்" என்றார். புண்ணின் ஓரத்திலிருந்து ஒரு பயறு அளவு வெட்டி, பாட்டிலில் போட்டு, நம்பர் ஒட்டி எங்கள் அறைக்கே அனுப்பினார்.

ஆசிரியருக்கு விஷயம் தெரியும். "நீ இதைச் செய்ய வேண்டாம். இன்னொரு அட்டெண்டர் செய்யட்டும்" என்றார். முடியாது என்றேன். அவன் வெட்டினால் மடிப்பு விழும், கத்திக் கோடு விழும். அவளுடைய கன்னம் கோணலாகக் கண்ணாடியில் ஒட்டப்படுவதை என்னால் தாங்க முடியாது. இரண்டு நாள் சாராயத்தில் ஊறவைத்து, மெழுகில் புதைத்து, சீவினேன். நாடாவாக வந்தது. வெந்நீரில் மிதக்கவிட்டுச் சில்லில் ஏந்தி, முதலில் நீலம், பிறகு சிவப்பு. அவ்வளவு சுத்தமான ஸ்லைடு என் சர்வீஸில் இன்னொன்று செய்ததில்லை.

ஆசிரியர் பார்க்குமுன் நான் பார்த்தேன். ஒரு ஓரத்தில் நல்ல ஈர அடுக்கு. அதை ஒட்டி அதுவே தடித்து, மேலே செத்த தோல் ஏறி, அசல் உள்ளங்கால். அடியில் எச்சில் சுரப்பிகள் சில, தங்கள் கோட்டுக்குள் ஒழுங்காகக் குந்தியிருந்தன. அதற்கப்புறம் கோட்டைத் தேடினேன். இல்லை. மேல்தோல் கொத்துக் கொத்தாக அடிச்சதைக்குள் இறங்கியிருந்தது. இறங்கின இடத்திலும் பழைய வேலையை மறக்காமல் அடுக்கடுக்காகச் சுற்றிச் செத்த தோலை உருட்டி வைத்திருந்தது. பாடத்தில், புற்றுநோயின் அந்த உருண்டைகளுக்கு முத்து என்று பெயர். பதினாலு வருஷக் குடித்தனத்தில் நான் அவளுக்கு ஒரு கண்ணாடி முத்துகூட வாங்கித் தந்ததில்லை.

வீட்டுக்குப் போனபோது பாயில் உட்கார்ந்து கஞ்சியைக் கரண்டி நுனியால் உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். பாதி வழிந்தது.

"இன்னா சொல்லிச்சி உன் கண்ணாடி?" என்றாள். பேச்சு குழறியது. கண் மட்டும் என் முகத்தை விடவில்லை.

உண்மையைச் சொல்லத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். "காய்ப்புதாம்மே" என்றேன்.

"நீ அப்பவே சொன்னியேய்யா" என்றாள். எனக்காகப் பெருமைப்பட்ட மாதிரி ஒரு சிரிப்பு, வாயின் வலது பக்கத்தால் மட்டும். அந்த வருஷத்து மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தாள். கடைசி இரண்டு வாரம் கன்னத்தில் ஓட்டை விழுந்து எச்சில் வெளியே வழிந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மாற்றிக்கொண்டே இருந்தேன். எச்சில் சுரப்பிகளை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவை தம் வேலையைக் கடைசிவரை செய்தன.

அடக்கம் முடிந்து வந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுக் கலாசி என்னை அரை டாக்டர் என்று கூப்பிடவில்லை. எனக்கும் போணி ஆகிவிட்டது என்று அவனிடம் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ஆசிரியர், ஈர அடுக்கும் தடித்த அடுக்கும் கோடு தாண்டியதும் ஒரே சில்லில் தெரிகிற நல்ல ஸ்லைடு ஒன்று வகுப்புக்கு வேண்டும் என்றார். நம்பர்களை அவர் எங்கே நினைவு வைத்திருப்பார்? பெட்டியில் வேறு ஸ்லைடுகளும் இருந்தன. நான்தான் அவளை எடுத்துக் கொடுத்தேன். மெழுகுக் கட்டியில் மீதி இருந்ததையும் சீவி இருபது செய்தேன். மேஜைக்கு ஒன்றாக வைத்தேன். படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் பார்க்கட்டும் என்று ஒரு வெறி. மாலையில் ஒவ்வொன்றையும் பட்டுத் துணியால் துடைத்துப் பெட்டியில் நானே அடுக்குவேன். வேறு யாரையும் தொட விடவில்லை.

நாலைந்து வருஷம் இப்படியே போன பிறகு, ஒரு மாணவர் சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலுமாக அக்கறையோடு வரைந்துகொண்டிருந்தார். ஆசிரியர் அப்பால் இருந்தார். மாணவர் குனிந்தபடியே மெதுவாக என்னைக் கேட்டார். "ஏம்ப்பா, இது உள்ளங்கால் தோல்தானே? காய்ப்பு மாதிரி இருக்கு."

படத்தின் கீழே ஏற்கெனவே அப்படி எழுதியும் இருந்தார்.

"இல்லைங்க. வாய். கன்னத்து உள்பக்கம்" என்றேன்.

அவர் இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்து, எழுதியதை அழித்தார்.