ஒன்பதாவது லெவலில் அறுந்த கயிறு

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டின் இரண்டாம் பாகம் முதல் பாகத்தைவிட நன்றாக இருக்கிறது என்று உலகத்தில் எத்தனை பேர் சொன்னார்களோ தெரியாது. எங்கள் பிரவுசிங் சென்டருக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஓர் அண்ணாச்சி தன் மளிகைக் கடையின் பின்பாதியைப் பலகை வைத்துத் தடுத்து ஆறு கம்ப்யூட்டர் போட்டிருந்தார். முன்னால் மிளகாய் வத்தல், பின்னால் இன்டர்நெட். உள்ளே வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் உட்காருவார்கள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சொல்வேன், பாஸ்போர்ட் ஃபாரம் நிரப்பித் தருவேன். யாரும் இல்லாத மத்தியானங்களில் நான்காம் நம்பர் சிஸ்டத்தில் விளையாடுவேன்.

என் அண்ணன் அதற்கு ஒரு வருடம் முன்புவரை எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் ஒரு தனியார் சரக்கு யார்டில் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுகிறவருக்கு மேலேயிருந்து கீழே நடப்பது சரியாகத் தெரியாது. கீழே நிற்கும் சிக்னல்மேன் கையைத் தூக்கினால் பாரத்தை ஏற்றுவார், தாழ்த்தினால் இறக்குவார். யார்டில் பாதி உயிர்கள் அந்த ஒரு கையில் இருக்கின்றன பாப்பா என்று அண்ணன் என்னிடம் சொல்வான். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வான்.

ஒருநாள் அவன் கையைத் தூக்கினான். கட்டாகக் கட்டிய இரும்புக் குழாய்கள் தலை உயரத்துக்கு எழும்பின. ஸ்லிங் என்று சொல்லும் கம்பிக் கயிறுகள் இரண்டில் ஒன்று அறுந்தது. அந்தக் குழாய்க்கட்டு ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றவர் அண்ணனின் சிநேகிதர். பின்தெருக்காரர், ஒரே பெஞ்சில் படித்தவர், வாய் திறந்தால் ‘மாமு’ என்றுதான் அண்ணனைக் கூப்பிடுவார். அவருடைய இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஸ்லிங் குட்டையாக இருக்கிறது, நீளமானது வேண்டும் என்று அன்று காலையிலேயே அண்ணன் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறான். இருப்பதை வைத்து வேலையைப் பார் என்று பதில். சூப்பர்வைசர் அதை ஒப்புக்கொள்வாரா என்ன? அறுந்த துண்டுகளும் அன்று சாயங்காலமே யார்டிலிருந்து மாயமாகிவிட்டன. ஏசி அறையில் உட்கார்ந்து மூன்று பேர் விசாரித்தார்கள். தவறான சிக்னலால் நடந்த விபத்து என்று எழுதி அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் அண்ணாச்சியின் கடைக்கே மூட்டை தூக்க வந்தான்.

வேலை போனதற்காக அவன் ஒரு நாளும் புலம்பியதில்லை. ஆஸ்பத்திரியில் சிநேகிதர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு அனுப்பிய பலகாரம் தட்டோடு திரும்பி வந்தது. ஊர் என்ன சொன்னாலும் சரி, யார்டுக்காரன் என்ன எழுதினாலும் சரி, என் கைமேல் தப்பில்லை என்று என் சிநேகிதன் ஒருத்தன் நம்பினால் போதும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். அம்மாவுக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிற்று.

அந்த விளையாட்டை சென்டருக்குக் கொண்டுவந்தவர்கள் காலேஜ் பையன்கள். காசு கட்ட வேண்டாம், வெப்சைட்டைத் திறந்தால் போதும். திரையில் ஒரு கிரேன், சில கயிறுகள், ஒரு பாரம். கட்டித் தூக்கி அக்கரையில் இறக்க வேண்டும். பாரம் நிஜம்போலவே ஆடும், சாயும், கயிறு தாங்காவிட்டால் அறுந்து விழும். எட்டு லெவல்வரை ஓடிவிட்டேன். ஒன்பதில் மாட்டிக்கொண்டேன். ஒரு கட்டுக் குழாய், அதன் மேல் இரண்டு குட்டைக் கயிறுகள். தூக்கினால் அறுந்தது. ஓரத்தில் நீளக் கயிறும் கிடந்தது. ஆனால் குட்டைக் கயிற்றில் தூக்கினால் மூன்று நட்சத்திரம், நீளக் கயிற்றில் தூக்கினால் ஒன்றுதான். மூன்றை விட்டுவிட்டு ஒன்றுக்கு யார் ஆசைப்படுவார்கள்? நானும் ஆசைப்படவில்லை.

இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். குழாய்க்கட்டு ஒன்று என் கண் முன்னால் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டே இருக்கிறது, எனக்கு அண்ணன் ஞாபகம் வரவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். விளையாட்டுக்குக் கீழே கருத்துச் சொல்லும் பெட்டி இருந்தது. சிஸ்டம்ஃபோர் என்ற பெயரில் கணக்குத் திறந்து, கயிறு சும்மா சும்மா அறுகிறது, இது விளையாட்டா தண்டனையா, அடுத்த பாகத்திலாவது கயிற்றைப் பலமாகப் போடுங்கள் என்று என் பாலிடெக்னிக் இங்கிலீஷில் எழுதினேன். ஆமாம் ஆமாம் என்று ஆமோதித்துப் பத்து நாளில் நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். திருவொற்றியூரில் வத்தல் நெடியில் உட்கார்ந்து எழுதியதற்கு எந்தெந்த நாட்டுக்காரனோ தலையாட்டுகிறான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம் அண்ணன் எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்தான். ஒன்பதாவது லெவல் ஓடிக்கொண்டிருந்தது. கட்டு எழும்பியது, அறுந்தது, விழுந்தது. தூக்கைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றான்.

“திரும்ப போடு,” என்றான்.

போட்டேன். மறுபடி அறுந்தது. ஓரத்தில் கிடந்த நீளக் கயிற்றைக் காட்டி அதைக் கட்டச் சொன்னான். கட்டித் தூக்கினேன். ஒரு ஆட்டம்கூட இல்லாமல் போய் இறங்கியது, ஒற்றை நட்சத்திரம் மின்னியது. அண்ணனுடைய கண் கலங்கியிருந்தது.

“குட்ட கயிறுன்னா ரெண்டு பக்கமும் படுத்துக்கும் பாப்பா. படுத்த கயிறு பாரத்த தூக்குறதவுட ஒண்ண ஒண்ணு இழுத்துகினு கெடக்கும். அத்தான் அறுந்துச்சி. எவன் கைய காட்டினாலும் அறுந்துதான் இருக்கும்.”

அன்றிலிருந்து அவனுக்கு அது ஒன்றே நினைப்பு. துண்டுகள் போய்விட்டன, சாட்சி சொல்ல ஆளில்லை. ஆனால் இந்தத் திரையில், அவனை முன்பின் தெரியாத எவனோ செய்துவைத்த கணக்கில், அதே கட்டு அதே மாதிரி அறுகிறது. இதை ஒரு தடவை சிநேகிதருக்குக் காட்டிவிட வேண்டும். நேரில் கேட்கத் தைரியமில்லாமல் ஆள் விட்டான். வரமாட்டேன் என்று பதில் வந்தது. மறுபடி விட்டான். மாதங்கள் ஓடின. கடைசியில் அவருடைய மனைவியின் தம்பி பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாக ஒப்புக்கொள்ள வைத்தார்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் இரண்டாம் பாகம் வந்திருந்தது. பையன்கள் அதற்காகவே காத்திருந்து வந்தார்கள். முதல் பாகம் அரியர் பரீட்சை மாதிரி, இது பாஸான மாதிரி என்று ஒருவன் சொன்னான். இதில் கடல் என்ன நீலம் என்று இன்னொருவன் வியந்தான். எங்கள் ஊர்க் கறுப்புக் கடலைத் தினமும் பார்க்கிறவன் வேறென்ன செய்வான்? கயிறு அறுகிறதே இல்லை, தொல்லை விட்டது என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. ஒரே நாளில் விளையாடி முடித்துவிட்டு வேறு விளையாட்டுக்கும் போய்விட்டார்கள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. இரண்டாம் பாகம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், முதல் பாகம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் பலகை வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்தார். ஆட்டோவில் உட்கார்ந்தால் வெட்டிய இடம் வலிக்கிறதாம், பலகையில் காலை நீட்டிக்கொண்டு வரத்தான் தோதாம். அண்ணன் புதுச்சட்டை போட்டிருந்தான். இறங்கக் கை கொடுத்தபோது அவர் அந்தக் கையை விட்டுவிட்டு வண்டிக்காரரின் தோளைப் பிடித்து இறங்கினார். நான்காம் நம்பர் சிஸ்டத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு, ஊன்றுகோல்களை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, பழைய முகவரியைத் தட்டினேன்.

நீலக் கடலோடு இரண்டாம் பாகம் திறந்தது. முதல் பாகத்தை எடுத்தே விட்டார்கள். மேலே பெரிய இங்கிலீஷ் எழுத்தில், நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் செய்தோம் என்று போட்டிருந்தது. கயிறுகளைப் பலப்படுத்தக் கேட்டவர்களுக்கு நன்றி என்று சொல்லி ஒரு பட்டியல். அதில் நாலாவது பெயர் சிஸ்டம்ஃபோர்.

என்ன எழுதியிருக்கிறது என்று அண்ணன் கேட்டான். புதுசாக மாற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். பழைய லெவல்களையும் உள்ளே வைத்திருந்தார்கள். ஒன்பதாவது இருந்தது. நிறுத்தியிருக்கலாம். கரண்ட் போய்விட்டது, சிஸ்டம் கோளாறு, எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று போடு போடு என்றான், நான் போட்டேன். இரண்டு குட்டைக் கயிறுகளிலும் குழாய்க்கட்டு பூப்போல எழும்பி, அக்கரை போய் இறங்கியது. மூன்று நட்சத்திரம், கூடவே கைதட்டல் சத்தம்.

சிநேகிதர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தூக்கிடிச்சே,” என்றார்.

இது அந்த விளையாட்டு இல்லை, மாற்றிவிட்டார்கள், பழையதில் அறுந்தது, இவள் பார்த்திருக்கிறாள் என்று அண்ணன் படபடவென்று பேசினான். நானும் ஆமாம் என்றேன். எங்கள் இரண்டு பேர் பேச்சும் எனக்கே பொய்யாகக் கேட்டது. குட்டைக் கயிறு எப்படிப் படுக்கும், எப்படி அறும் என்று அண்ணன் காற்றில் இரண்டு கையாலும் காட்டினான், நீளக் கயிறு வேண்டுமென்று அன்று காலையிலேயே கேட்டதையும் சொன்னான். அவர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

“கயிறு குட்டைன்னு காலைலயே ஒனக்கு தெரியும்,” என்றார். “அப்பால இன்னாத்துக்கு கைய தூக்குன?”

அண்ணன் காற்றில் நின்ற இரண்டு கையையும் இறக்கினான். அத்தனை நாளாக அந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. விசாரித்த மூன்று பேரும் கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கையைத் தூக்காவிட்டால் அன்றைக்கே வேலை போயிருக்கும் என்பதுதான் பதில். ஒரு கால் இல்லாதவரிடம் அதை எப்படிச் சொல்வது? அவர் ஊன்றுகோலுக்குக் கை நீட்டினார். நான் எடுத்துக் கொடுத்தேன். மிளகாய் மூட்டைகளைத் தாண்டி, ஒரு தும்மலோடு, தானாகவே வெளியே போனார். அன்று வந்ததிலிருந்து போகும்வரை ஒரு தடவைகூட அவர் மாமு என்று சொல்லவில்லை.

அண்ணன் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தான். இதற்கெல்லாம் கருத்து எழுதலாமாமே, பையன்கள் பேசிக்கொள்கிறார்களே என்றான். எழுதலாம் என்றேன். நான் சொல்கிறேன், எழுது என்றான். வேறு கணக்குத் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. சிஸ்டம்ஃபோர் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

“அறாத கயிறு எங்க யார்டுலயும் கெடையாது, எந்த ஹார்பர்லயும் கெடையாதுன்னு எழுது. இத்த கேட்டவன் எவனோ, அவன் தன் வாழ்க்கைல ஒரு பாரம் தூக்கிருக்க மாட்டான். அவன்கூட நிக்கிறவன் காலு போவும்போதுதான் அவனுக்கு தெரியும். அப்டியே எழுது.”

அப்படியே இங்கிலீஷில் எழுதினேன். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை, அந்த ஒரு நேர்மை மட்டும் என்னிடம் இருந்தது. அண்ணன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்போல ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அனுப்பியாயிற்றா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு மூட்டை இறக்கப் போனான்.

நான்கு நாளில் பதில் வந்தது. அந்தப் பக்கத்தில் இரண்டாம் பாகத்தைப் புகழ்ந்து வரிசையாக ஐந்து நட்சத்திரக் கருத்துகள். நடுவில் எங்களுடையது ஒன்றுதான் திட்டு. அதற்குக் கீழே எந்த ஊர்க்காரனோ ஒருவன் எழுதியிருந்தான், இதைக் கேட்டதே நீதானே என்று. என்னுடைய பழைய வரிகளையும் எடுத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தான்.

அண்ணன் முதுகில் துவரம்பருப்பு மூட்டையோடு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, பதில் ஏதாவது வந்ததா என்று கேட்டான். வரவில்லை என்றேன். மறுநாளும் கேட்டான், அதற்கு அடுத்த வாரமும் கேட்டான். நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஒவ்வொரு தடவையும் வரவில்லை என்றே சொன்னேன். சிநேகிதர் வீடு இருக்கும் பின்தெரு வழியாகப் போனால் எங்கள் வீட்டுக்கு ஐந்து நிமிடம். அவன் நெடுஞ்சாலைக்குப் போய், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற ஓரமாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான்.