மனைவியை மறந்த டேட்டாபேஸ்

எங்கள் ஊர்ச் சங்கத்தின் வம்சாவளித் தளத்தை நாளை கோயில் மண்டபத்தில் காட்ட வேண்டும். இன்று பார்த்து யார் யாருக்கு என்ன உறவு என்று இணைத்து வைத்திருக்கும் அதன் கிராப் டேட்டாபேஸை அப்கிரேட் செய்து தொலைத்தேன்.

யார் எனக்கு என்ன முறை என்று கேட்டால், பதில் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அழாத குறை.

உதவிக்கு வந்த வெள்ளைக்கார நண்பன், "உன் மாமாவே உன் மாமனார் என்றும் இருக்கிறது. பிழையான தரவு" என்று சொல்லி, என் கல்யாண இணைப்பை அழித்துவிட்டான்.

சுற்றல் நின்றது. என் மனைவியின் பெயரைத் தட்டினேன். "மச்சாள்" என்று மட்டும் வந்தது.

மோர்டனில் எங்கள் வீட்டில் இருந்த மனைவிக்குப் போனில் சொன்னேன்.

"அப்ப திரும்ப அப்பாவிட்ட வந்து பொம்பிளை கேளுங்கோ."

மாமா முதல்தரமே இலேசில் ஓம் சொல்லவில்லை. பழைய வேர்ஷனை மீட்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே எழுதுங்கள்.