கஞ்சிப் பதத்தில் கலந்த பால்

என் கொள்ளுப்பேரன் பிறந்து ஐந்து மாசம்தான் ஆகிறது. அதற்குள் அம்மிக்குழவி மாதிரி கனக்கிறான். இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் தோட்டத்துக்கும் ஒரு நடை போய்வந்தால் போதும், பொழுது சாய்ந்ததும் எனக்கு இடுப்பு விண்விண்ணென்று வலிக்க ஆரம்பித்துவிடும். இந்த வயசில் எனக்கு அந்த வலியைப் போல ஒரு சந்தோஷம் வேறு கிடையாது. தைலம் தேய்த்துவிடட்டுமா என்று பேத்தி கேட்கிறாள். வேண்டாம், கொஞ்சம் இருக்கட்டும் என்கிறேன். கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவள் நினைக்கிறாள். அவளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது, நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நான் பேச்சுவாக்கில் எங்கேயாவது போய்விட்டால் பிடித்து இழுத்துவந்து விடுகிறாள்.

அவளுக்குப் பால் போதவில்லை. டாக்டரம்மா சொல்லி பால்மாவு டப்பா வாங்கியிருக்கிறாள். அதைக் கலக்குகிற அழகைப் பார்க்க வேண்டும், பூஜை தோற்றுவிடும். கையைக் கழுவுகிறாள். பாட்டிலைக் கொதிக்கவைத்து எடுக்கிறாள். கொதித்த தண்ணீரைத்தான் அளந்து ஊற்றுகிறாள். டப்பாவோடு வருகிற கரண்டியில் மாவை அள்ளி, கத்தியால் தலை வழித்துப் போடுகிறாள். குழந்தை குடித்து மீந்ததைக் கொட்டியும் விடுகிறாள். அதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. முந்தாநாள், பால் கெட்டியாகத் தெரிகிறதே என்று என் கை தானாகத் தண்ணீர்ச் சொம்புக்குப் போய்விட்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா ஆயா பண்றே? தண்ணி கூட ஊத்தினா வயிறுதான் ரொம்பும், சத்து போவாது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு எல்லாம் எது எவ்ளோன்னு பாத்துதான் இதுல சேர்த்துக்கிறாங்க. நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது."

நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வயிறுதான் ரொம்பும். இத்தனை வருஷம் கழித்து, அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சின்ன வயசிலேயே தாலியறுத்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். பிள்ளை குட்டி இல்லாததால் எங்களைத்தான் பிள்ளையாக வளர்த்தாள். தெருவில் யார் வீட்டுப் பாவுக்குக் கஞ்சி போடுவதென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால், சேலையின் நீளவாட்டு இழைகளை விடியற்காலையில் தெரு நெடுக இழுத்துக் கட்டி அரிசிக் கஞ்சி தடவுவார்கள். அதுதான் பாவு. கஞ்சி கெட்டியாகிவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அறுந்துபோகும். அத்தை கஞ்சியில் விரலை முக்கி எடுப்பாள். விரலில் தங்காமல் நூல் மாதிரி ஓடினால்தான் பதம் என்பாள். அவள் கஞ்சி போட்ட பாவில் இழை அறுந்ததாகப் பேச்சே கிடையாது.

எனக்கு எட்டு வயசு இருக்கும்போது தம்பி பிறந்தான். கொஞ்ச நாளிலேயே அம்மா காய்ச்சலில் படுத்தாள், பால் வற்றிவிட்டது. அம்மாவின் தம்பி, என் மாமா, தறியை விட்டுவிட்டு மெட்ராஸில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவர்தான் பால்மாவு டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். டப்பாவின் மேல் ஒரு குண்டுக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வந்தார்கள்.

மாமா சொன்னபடி அத்தை முதல் தடவை கலந்தாள். பிறகு பழக்கதோஷத்தில் விரலை முக்கி எடுத்தாள். பால் விரலில் வெள்ளையாகத் தங்கி நின்றது.

"இன்னாபா இது, பசை மாதிரி இருக்குது. பட்டு இழையே இதைத் தாங்காது. பச்சக் கொடலு எப்பிடித் தாங்கும்?"

"டப்பாவில அப்பிடித்தான் எழுதிக்கீது அக்கா. கூடவும் கூடாது, கொறையவும் கூடாதாம்."

"தறிய வுட்டு ஓடினவன் எனக்குப் பதம் சொல்ல வந்துட்டான். எழுதினவன் ஒரு பாவுக்காவது கஞ்சி போட்டுக்கிறானான்னு கேட்டுக்கினு வா, போ."

எல்லோரும் சிரித்தோம். படுத்திருந்த அம்மாவும் சிரித்தாள். மாமாவும் சிரித்துவிட்டு சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகு பால் அத்தையின் பதத்துக்கு மாறியது. சிக்கனத்துக்காக அவள் தண்ணீர் ஊற்றவில்லை, அதை நான் கோயிலில் வைத்துச் சத்தியம் பண்ணுவேன். அவள் தன் பங்குச் சோற்றையே எங்களுக்குப் போட்டுவிடுகிறவள். விரலில் நூலாக ஓடுகிற பாலைச் சங்கில் ஊற்றி, மடியில் கிடத்தி, தம்பிக்குப் புகட்டுவாள். அவன் வயிறு பானை மாதிரி ஆகும்வரை குடிப்பான். குடித்த கொஞ்ச நேரத்தில் மறுபடி அழுவான். "செமிச்சுடுச்சு பாரு. கெட்டியா குடுத்திருந்தா இப்பிடி செமிக்குமா?" என்று அத்தைக்கு ஒரே பெருமை. கை கால் இளைக்கிறதே என்று யாராவது கேட்டால், நீளம் போடுகிற பிள்ளை இளைக்கத்தான் செய்யும் என்பாள். போகப்போக அவன் அழுகையும் குறைந்தது. சமத்துப் பிள்ளை என்று சொன்னோம்.

தேர் பார்க்க வந்த மாமா, அடுக்களை மாடத்திலிருந்த டப்பாவை எடுத்தார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னும் இவ்ளோ இருக்குதா?"

"பதமா கலக்கினேன்பா, அதான்," என்றாள் அத்தை.

மாமா டப்பாவை வைத்துவிட்டு ஓடிப்போய்த் தம்பியைத் தூளியிலிருந்து எடுத்தார். அவரும் அப்பாவும் தேர்க் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தேர் நிலைக்கு வருவதற்குள் அவனைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சாமி கூப்பிட்டுக்கொண்டது என்று தெருவே சொன்னது. அத்தையும் அப்படித்தான் நம்பிச் செத்தாள். மாமா கடைசிவரை அவளிடம் வேறு எதுவும் சொல்லவில்லை.

நான் சொல்லவந்தது அதற்கு முந்தின வாரம் நடந்தது. தம்பியைத் தூக்கிக்கொண்டு திரிவது என் வேலை. முதலில் அவனைத் தூக்கினால் பாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதற்குள் இடுப்பு மாற்றிக்கொள்வேன். நாளாக ஆக மாற்றாமலே போய்வந்தேன். அப்புறம் ஓடக்கூட முடிந்தது. நான் பெரியவளாகிறேன், அதனால்தான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே அம்மாவின் கட்டிலுக்குப் போனேன்.

"அம்மா, இங்க பாரேன். ஒரு கையாலயே தூக்கறேன். எனக்கு பலம் வந்துடுச்சு."

அம்மா எழுந்து உட்கார்ந்து அவனை வாங்கிக்கொண்டாள். மெல்ல ஒரு தடவை தூக்கி இறக்கிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து அவனை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். ஒரு வார்த்தை மெச்சவில்லையே என்று எனக்குக் கோபம். தோளைப் பிடித்து உலுக்கி மறுபடியும் கேட்டேன்.

"ஆமாம்மா," என்றாள், திரும்பாமலே. "உனக்கு பலம் வந்துடுச்சு."

அது போதும் எனக்கு. எல்லோரிடமும் சொல்வதற்காகத் தெருவுக்கு ஓடினேன்.