குண்டும் குண்டானும்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஜம்புலிங்கம், கோவில்பதாகையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் இட்லிக் கடை போட அனுமதி கேட்டிருந்தார். அந்த மாதம் பார்த்துப் போர்ப்படம் ஒன்று வெளிவந்தது. அதன் நாயகன் எல்லையிலிருந்து நொண்டிக்கொண்டே ஊர் திரும்புவான். ஜம்புலிங்கமும் சற்றே நொண்டுவார். போதாதா? குடியரசு நாளன்று அவரை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள்.

"காலில் குண்டடி பட்ட மாவீரர் இட்லி விற்பதா? நாட்டுக்கே அவமானம்! அனுமதிக்க மாட்டோம்!" என்று முழங்கினார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பிரசன்னா. அனைவரும் எழுந்து நின்று கைதட்டினர்.

கடை கைநழுவிப் போவதைக் கண்ட ஜம்புலிங்கம் ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"குண்டு இல்ல நைனா, குண்டான்! நான் பட்டாளத்துல சமையல்காரன். சாம்பார் குண்டான் கால் மேல வுழுந்துச்சு."

ஓர் எழுத்து கூடியதில் வீரம் முழுவதும் வடிந்துவிட்டது. கைதட்டியவர்கள் மெல்ல அமர்ந்தார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் எழுந்தது: "அப்போ கட எப்போ அண்ணாத்தே?"

கூட்டமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பிரசன்னா சரியென்று தலையாட்டினார்.

ஜம்புலிங்கத்தின் மனைவி வடிவு, மேடையருகே வந்து உரக்கச் சொன்னாள்:

"அந்தச் சால்வைய மடிச்சு எடுத்துக்கினு வாய்யா. நாளைக்கு குண்டான எறக்கத் துணி வோணும்."